திங்கட்கிழமை வேனில் ஒரு கதை

வேலைக்குப் போகிற வயதில் பள்ளிக்கூடக் காதல் கதை படிக்கிறவளுக்கு ஊரில் ஒரு மரியாதையும் கிடையாது. அதுவும் படம் போட்ட கதை, ஜப்பான்காரர்கள் வரைகிற மங்கா. "இன்னும் சின்னப் பிள்ளையா நீ?" என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் அலுவலகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு வருகிறவளுக்கு எது ஆறுதலோ அதைத்தான் அவள் படிப்பாள். யார் வீட்டுச் சோற்றில் நான் மண்ணைப் போட்டேன்?

முடிந்துபோன கதைகளை நான் தொடுவதில்லை. அதில் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். பந்தி முடிந்தபிறகு போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்கு வந்துகொண்டிருக்கிற கதைதான் வேண்டும். வாரத்துக்கு ஓர் அத்தியாயம். அந்தப் பிள்ளைகளுக்கும் நாளைக்கு என்ன என்று தெரியாது, எனக்கும் தெரியாது. சில வாரம் ஒன்றுமே நடக்காது. இரண்டு பேர் ஒரு குடையைப் பகிர்ந்துகொண்டு பேருந்து நிறுத்தம்வரை நடப்பார்கள், அவ்வளவுதான். அதைப் படித்துவிட்டு நான் நாள் முழுக்கச் சந்தோஷமாக இருப்பேன்.

அம்மா இதில் மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் இருவர்தான் வீட்டில். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அன்றைக்கு அம்மா சமையலறையில் உட்கார்ந்து நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யாருடி அவன்?"

"எவன்?"

"போனைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கிட்டு இருக்கியே, அவன்."

போனைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பு வெள்ளையில், கட்டை முடி வைத்த ஒரு பள்ளி மாணவி மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளை என்று நினைத்தது படக்கதையாகிப் போனால் எந்தத் தாய்க்குத்தான் தாங்கும்?

"இதைப் பார்த்தா இப்படிச் சிரிச்ச? சரி, அப்படி என்னதான் கதை? வாசி பார்ப்போம்."

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. கேரி தீவுத் தோட்டத்தில் வளர்ந்தவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆகவே நான் ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் சொன்னேன். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தவளிடம், "இப்படி இல்லம்மா, வலது பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்" என்றேன். "ஏன், அவங்களுக்கு நேரா போகத் தெரியாதா?" என்றாள். ஆனால் எழுந்து போகவில்லை.

கதை ரொம்பச் சாதாரணமானது. கடலோரத்தில் ஒரு சின்ன ஊர்ப் பள்ளி. அந்தக் கட்டை முடிப் பெண் மதிய இடைவேளையில் ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்து பள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரி அறிவிப்பு வாசிப்பாள். பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன் ஸ்பீக்கர்களைப் பழுது பார்க்க வருவான். வாயில்லாப் பூச்சி. அவன் எல்லா ஸ்பீக்கரையும் சரிசெய்துவிட்டு, மாடிப்படிப் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் எப்போதும் பாதியில் விட்டுவிட்டுப் போவான். மறுநாள் திரும்பி வரவேண்டுமே! பள்ளிக்கே புரிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் புரியாது. இந்த மாதிரிக் கதைகளில் கதாநாயகிக்குக் கடைசியில்தான் எதுவும் புரியும்.

அம்மாவுக்கு இரண்டாவது அத்தியாயத்திலேயே புரிந்துவிட்டது. "அடி லூசு! அவன் வேணும்னே ரிப்பேர் பண்ணாம வச்சிருக்கான்டி!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள். அந்த அத்தியாயம் முடிந்ததும், "அப்புறம்?" என்றாள். அப்புறம் என்ன, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சமையலறை பள்ளிக்கூடமாகிவிட்டது.

அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எதையும் முன்கூட்டியே சொல்லக்கூடாது. பழைய அத்தியாயங்களை மூன்று நான்காகச் சொல்லி முடிக்கிறவரை, ஏற்கெனவே படித்திருந்த எனக்கு வாய் நமநமக்கும். "அடுத்ததுல பாரும்மா..." என்று ஆரம்பித்தாலே நெத்திலி நாற்றக் கையால் என் வாயைப் பொத்துவாள். "அந்தப் பிள்ளைக்கு எப்பத் தெரியுமோ அப்பத்தான் எனக்கும் தெரியணும். அவளா கண்டுபிடிக்கட்டும்."

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வாரமும் தவறாமல் கேட்பாள்: "அவ சாப்பிட்டாளா?" அதில் அவளுக்கு ஒரு நியாயமான கவலை இருந்தது. எல்லோரும் சாப்பிடுகிற நேரத்தில் இவள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தால், இவள் எப்போது சாப்பிடுவது? வரைகிறவர் அதைக் காட்டியதே இல்லை. நானே இட்டுக்கட்டி, "சாப்பிட்டாம்மா, முதல் பாடத்திலேயே டெஸ்க்குக்கு அடியில ஒளிச்சு வச்சுச் சாப்பிட்டுட்டா" என்பேன். அம்மாவுக்கு ஒருவரைப் பிடித்துவிட்டால் முதலில் அவர்களுடைய வயிறுதான் கண்ணுக்குத் தெரியும். என்னை வளர்த்ததும் அப்படித்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் எனக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. அம்மாவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டாள், என் தலையைத் தடவினாள், சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். எல்லாம் முடிந்து அடுப்பருகே போய் நின்றவள் திரும்பி, "அப்போ ஞாயித்துக்கிழமை?" என்றாள்.

"போன்ல வாசிக்கிறேன்மா."

"ஆமா, போன்ல வாசி," என்றாள்.

கதை வாசிப்பதா பிரச்சினை? வேலை முடிந்து வந்து அவள் தனியாகக் கதவைத் திறப்பாள். ஒருத்திக்கு மட்டும் உலை வைப்பாள். என்னோடு வந்துவிடு என்றால், "இங்க வேலை இருக்கு, வேன் இருக்கு, என் ஆளுங்க இருக்காங்க" என்பாள். அம்மாவை இப்படித் தனியாக விட்டுப் போகிறோமே என்பதை எந்த வேலை செய்தாலும் நான் மனசில் சுமந்துகொண்டே திரிந்தேன்.

அந்த வேனைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா சுங்கை வேயில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிவதற்கு முன்பே கிள்ளானிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் போகும். ஓட்டுகிறவர் அம்மா வயதுக்காரர், மனைவியை இழந்தவர். "நல்ல மனுஷன், ஆனா வாயில கொழுக்கட்டை" என்று அம்மா அவரைப் பற்றி ஒருமுறை சொன்னதாக ஞாபகம். வேறொன்றும் எனக்குத் தெரியாது. திங்கட்கிழமைகளில் மட்டும் ஹைவேயில் பயங்கர ஜாம் என்றும், தொழிற்சாலைக்குக் கடைசி நிமிஷத்தில்தான் போய்ச் சேருவோம் என்றும் அம்மா சொல்வாள்.

தீபாவளிக்கு முன்பு கிள்ளான் கடைத்தெருவில் துணி வாங்கப் போயிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்துத் திருப்பியது. அம்மாவோடு வேனில் போகிற அக்கா ஒருத்தர். ஊரையே கூட்டுகிற குரல்.

"ஏய், அந்தப் பிள்ள பரீட்சை நல்லா எழுதிட்டாளா?"

"எந்தப் பிள்ளக்கா?"

"அதான்லா, உன் கூட்டாளியோட தங்கச்சி. போர்ட் டிக்சன்ல படிக்கிறாளே, கட்டை முடி, மைக்ல பேசுவாளே. நான் கோயில்ல அர்ச்சனை பண்ணேன்லா அவளுக்கு. நட்சத்திரம் கேட்டாரு ஐயரு, எனக்கென்ன தெரியும்? சாமி பேருக்கே பண்ணிட்டேன். அவகிட்ட சொல்லிடு, பயப்படாம இருக்கச் சொல்லு."

நான் நடுத்தெருவில் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றேன். ஜப்பானில் யாரோ மேசையில் குனிந்து வரைகிற ஒரு பெண்ணுக்காகக் கிள்ளானில் தேங்காய் உடைத்திருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்து அம்மாவைப் பிடித்தேன். முதலில் முறைத்தாள், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேனில் ஒருநாள் சும்மா பேச்சு வாக்கில் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள். படக்கதை என்று சொன்னால் 'இந்த வயசுல இதா' என்று சிரிப்பார்களே என்று கூச்சம். அதனால் என் தோழியின் தங்கை என்று சொல்லிவைத்தாள். அடுத்த திங்கட்கிழமை வேனில் ஏறியதும், "அப்புறம் என்னாச்சு?" என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அதோடு மாட்டிக்கொண்டாள். பனி பெய்தால் வேனில் மழை பெய்தது. பையனுக்குக் கொடுக்கப் பெண் சாக்லேட் செய்தால், வேனில் அவள் முறுக்குச் சுட்டாள். மதியச் சாப்பாட்டு டப்பா, தேங்காய்ப்பால் சோற்று நாசி லெமாக் பொட்டலமாகிவிட்டது.

"பொய் சொல்லியிருக்கியேம்மா!"

"என்னடி பொய்? நடந்ததைத்தான் சொன்னேன்."

"எங்க நடந்துச்சு?"

"நீதானே வாசிச்ச?"

தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பினாங்குக்குப் போக ஒரு வாரமே பாக்கி இருந்த திங்கட்கிழமை, கொம்யூட்டர் ஓடவில்லை. தண்டவாளத்தில் ஏதோ கோளாறு. "வா, எங்க வேன்ல வந்துடு. எங்களை இறக்கிட்டு உன்னை கெலானா ஜெயா எல்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல விடச் சொல்றேன்" என்றாள் அம்மா. அப்படித்தான் நான் முதன்முறையாக அந்த வேனில் ஏறினேன்.

ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அவருடைய பை மட்டும் இருந்தது. அவருக்கு நேர் பின்னால் அம்மா. நான் கடைசி வரிசையில் ஒட்டிக்கொண்டேன். வண்டி கிளம்பியதும் அந்த வாய்க்கார அக்கா, "டிரைவரண்ணே, ரேடியோவை அடைங்க. கதை ஆரம்பிக்கப் போவுது" என்றார். அவர் ஏற்கெனவே அடைத்திருந்தார்.

அம்மா சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அந்த அம்மாவைத் தெரியாது. வீட்டில் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்ந்தாற்போல் பேசாதவள், அங்கே குரலை ஏற்றி, இறக்கி, நிறுத்தி, பெண்ணாகவும் பையனாகவும் தலைமை ஆசிரியராகவும் பேசினாள். அந்த வாரத்து அத்தியாயத்தில் விளையாட்டுப் போட்டி நாளன்று பெண்ணுக்குக் குரல் கட்டிவிடும். அறிவிப்பு வாசிக்க ஆளில்லை. அந்த வாயில்லாப் பையன் போய் மைக் முன்னால் உட்கார்ந்து, நடுங்கிக்கொண்டே எல்லாவற்றையும் அவளுக்காக வாசிப்பான். வாசித்து முடித்துவிட்டு, "இன்னொன்னு சொல்லணும்" என்பான். மணி அடித்துவிடும். அத்தோடு அத்தியாயம் முடிந்தது.

வேனில் எல்லோரும், "ஐயோ!" என்றார்கள். "அவ சாப்பிட்டாளாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். "தொண்டை கட்டியிருக்குல, கஞ்சிதான் குடிச்சா. பையன்தான் கடையில வாங்கிட்டு வந்து குடுத்தான்," என்றாள் அம்மா. நான் வாசித்ததில் கஞ்சியே கிடையாது.

எனக்கு எதிலும் அவசரம். சுற்றிச் சுற்றிச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாம் என்றாளே, எங்கே ஜாம்? வலதுபக்கத் தடத்தில் கார்கள் சர்சர்ரென்று பறந்தன. எங்கள் வேன் மட்டும் இடதுபக்கத் தடத்தில், துறைமுகத்திலிருந்து வருகிற ஒரு கண்டெய்னர் லோரிக்குப் பின்னால் மாட்டுவண்டி வேகத்தில் போனது. அந்த லோரி ஒதுங்கிப் போனதும் அவர் இன்னொரு லோரியைத் தேடிப் பிடித்து அதற்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டார். 'யோவ், முந்திப் போய்யா' என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. வேனில் வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எல்லோரும் கதையில் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். வேனில் எல்லோரும் அவரை வாய்க்கு வாய் அண்ணே என்றார்கள். அம்மா மட்டும் அவரை எப்படியும் கூப்பிடவில்லை. "கொஞ்சம் அந்த ஜன்னலைச் சாத்துங்க," என்றாள், அவ்வளவுதான்.

தொழிற்சாலை வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். நான் முன்னால் போய் உட்கார, அவர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேனைக் கொஞ்ச தூரம் ஓட்டினார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அது புக்குல வர்ற கதைதானேம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மாவின் மானம் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தேன்.

"எப்படி அங்கிள்...?"

"என் மக கல்யாணமாகி ஈப்போ போயிட்டா. அவ ரூம்ல புக்கெல்லாம் அப்படியே கிடக்கு. தூசி தட்டுறப்போ ஒரு அட்டையில கட்டை முடிப் பொண்ணு, கையில மைக். எடுத்துப் பார்த்தேன். மாடிப்படி ஸ்பீக்கர். அட, நம்ம போர்ட் டிக்சன் பிள்ளையாச்சேன்னு." அவர் லேசாகச் சிரித்தார். "இருக்கிறதெல்லாம் படிச்சிட்டேன். அப்புறம் மககிட்ட கேட்டு போன்ல போட்டுக்கிட்டேன். இங்கிலீஷ் கொஞ்சந்தான் வரும். மிச்சத்துக்குப் படம் இருக்குல."

"அப்போ இன்னிக்குச் சொன்னதும் உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்தே படிச்சிட்டேன்மா."

"தெரிஞ்ச கதையை எதுக்கு அங்கிள் மறுபடி கேட்கிறீங்க? அதுக்கு லோரி பின்னாடி வேற போறீங்க!"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்று எனக்கே உறைத்தது. அவருடைய காது சிவந்துவிட்டது.

"புக்குல அந்தப் பிள்ளைக்குப் பசிக்கவே பசிக்காதும்மா," என்றார். "உங்கம்மா சொல்றப்பதான் அவளுக்குப் பசிக்கும். யாராச்சும் அவ சாப்பிட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. என்னை அப்படி யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு. அதைக் கேட்கத்தான்."

எல்ஆர்டி நிலையம் வந்துவிட்டது. நான் இறங்கவில்லை. அவரும் என்ஜினை அணைக்கவில்லை.

"வாசிச்சுக் காட்டுறது நீங்கதானேம்மா? நீங்க பினாங்கு போயிட்டா ஞாயித்துக்கிழமை யார் வாசிப்பா?"

"நான்தான் போன்ல வாசிப்பேன்."

"லைன் சில நேரம் சரியா கிடைக்காது."

"கிடைக்கும் அங்கிள்."

"ஆமாமா, கிடைக்கும்." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "நானும் மெதுவா வாசிச்சுச் சொல்லுவேன். அம்மாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அது எங்களுடைய ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய அம்மா. யார் இவர், வந்து இடம் கேட்கிறார்? ஆனால் அந்தக் கோபம் நிலையப் படியேறும் நேரம்கூட நிற்காது என்று எனக்குத் தெரிந்தது. ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் அந்தப் பையனுக்காகப் போனைப் பிடித்துக்கொண்டு உருகியவள் நான். அவனுக்கு நரை வந்துவிட்டால் மட்டும் ஆகாதா?

"நான் சொல்ல மாட்டேன் அங்கிள்," என்றேன். "எங்க வீட்ல ஒரு சட்டம் இருக்கு. முன்னாடியே எதையும் சொல்லக்கூடாது. நீங்கதான் சொல்லணும்."

அவர் தலையாட்டினார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவர் எங்கே சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே படியேறினேன்.

அந்த வாரம் முழுக்க நான் நெருப்பில் நின்றேன். அம்மா என் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள், ஊறுகாய் கட்டினாள், பினாங்கில் தண்ணீர் எப்படியிருக்குமோ என்று புலம்பினாள். எனக்கு நாக்கு நுனியில் விஷயம் நின்றது. விழுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நெத்திலித் தட்டோடு அம்மா உட்கார்ந்தாள். போனைத் திறந்தால், அத்தியாயம் இல்லை. வரைகிறவருக்கு உடல்நிலை சரியில்லை, சில வாரங்களுக்கு ஓய்வு என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. இப்படிப்பட்ட கதைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இது பழக்கம்தான். அம்மாவுக்குப் பழக்கமில்லை.

"உடம்புக்கு என்னவாம் பாவம்?" என்று முதலில் கேட்டாள். பிறகுதான் அவளுக்குப் பகீரென்றது. "அய்யய்யோ, நாளைக்கு வேன்ல நான் என்னடி சொல்லுவேன்? அவன் 'இன்னொன்னு சொல்லணும்'னு சொல்லி நிக்கிறான்!"

"இன்னும் சொல்லலைன்னு சொல்லும்மா."

"வாயைத் திறந்து தொலைக்கலாம்ல அந்தப் பையன்," என்று நெத்திலியின் தலையைக் கோபமாகக் கிள்ளினாள்.

மறுநாள் நான் அலுவலகத்தில் கடைசி நாள் முடித்துவிட்டு வரும்போது அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள். சேலை மாற்றவில்லை. விளக்குப் போடவில்லை. சமையலறையில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"வேன்ல கேட்டாங்கடி. இந்த வாரம் ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டேன். எல்லாருக்கும் சப்புன்னு போயிடுச்சு. அப்போ அவர்..." நிறுத்தினாள். "டிரைவர். 'நான் சொல்லவா'ன்னாரு."

"அவரா?"

"வாயே திறக்காத மனுஷன்டி! எல்லாரும் வாயைப் பொளந்துட்டாளுங்க. நடுங்குது குரல். 'அந்தப் பையன் பெரியவனாயிட்டான்'னாரு. வேலைக்குப் போறானாம், வண்டி ஓட்டுறானாம். அந்தப் பிள்ளையும் தினம் அந்த வண்டியிலதான் வருதாம். அதோட குரலைக் கேட்கணும்னு, ரோடு காலியா இருந்தாலும் வேணும்னே லோரி பின்னாடியே போவானாம். ஜாமே கிடையாதாம். ரொம்ப நாளா அப்படித்தானாம்."

நான் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"வாய்க்காரி சும்மா இருப்பாளா? 'டிரைவரண்ணே, அதை அந்தப் பிள்ளகிட்ட சொல்லித் தொலைக்கலாம்ல'ன்னா. அதுக்கு அவரு, 'இப்பச் சொல்லிட்டான்லம்மா'ன்னாரு." அம்மா கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரும் என்னையே பார்க்கிறாளுங்கடி. நான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வெளியில ஒரே லோரி."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? ஃபேக்டரி வந்துடுச்சு, இறங்கிட்டேன்."

"அடி லூசு!" என்று என் வாயிலிருந்து வந்தேவிட்டது. அம்மாவைப் பார்த்து! அவள் அடிக்கக் கையை ஓங்கினாள், ஆனால் அடிக்கவில்லை.

"அது நீ வாசிச்ச புக்குல வருதா?" என்று சின்னக் குரலில் கேட்டாள்.

"வரலம்மா."

"அவருக்கு அது புக்குன்னு தெரியுமா?"

"தெரியும். எல்லாமே படிச்சிருக்கார், அன்னிக்கு வேன்ல என்கிட்ட சொன்னார். ஒவ்வொரு வாரமும் நீ வேன்ல சொல்றதுக்கு முன்னாடியே படிச்சிடுவார்."

"தெரிஞ்சுமா நான் உளர்றதையெல்லாம் கேட்டுட்டு வந்தார்?"

"ஆமா."

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. ஹாலில் மாட்டியிருக்கிற அப்பாவின் படத்தை அங்கிருந்தே எட்டிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி இருந்தாள். நான் போய் அவளைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம், எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் போகப்போகிறேன் என்பதும் அதில் இருந்தது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து விளக்கைப் போட்டாள். அரிசி டின்னைத் திறந்து, குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"ஏன்டி, அவரு காலையில சாப்பிட்டுட்டா வண்டியை எடுக்கிறார்?"

"எனக்கெப்படித் தெரியும்? நாளைக்கு நீயே கேளு."

அவள் திரும்பவில்லை. விடிகாலையில் நாசி லெமாக் செய்வதற்கு அரிசி அளந்தாள். எங்கள் இருவருக்கும் அளந்து முடித்துவிட்டு, இன்னொரு குவளை போட்டாள்.